பாத்திரத்தைக் கவிழ்த்த பிக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2007ஆம் ஆண்டு செப்டம்பரில் பர்மாவின் பௌத்தத் துறவிகள் படையாட்சியை எதிர்த்து நடத்திய ஊர்வலங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எரிபொருள் விலை ஏறியதுதான் அந்தப் போராட்டத்தின் தொடக்கம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். உலகைத் துறந்தவருக்கும் டீசல் விலைக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நாம் நினைப்பதைவிட நெருங்கிய தொடர்பு உண்டு. பர்மியப் பிக்கு தமக்கென்று சமைப்பதில்லை. நாளைக்கு என்று எடுத்து வைப்பதும் இல்லை. விடியற்காலையில் வெறுங்காலுடன் வரிசையாகப் புறப்பட்டு, வீட்டு வாசல்களில் வாய் திறவாமல் நின்று, இடப்படுவதைக் கருநிற அரக்குப் பாத்திரத்தில் ஏற்று, நண்பகலுக்குள் உண்டு முடித்துவிட வேண்டும் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கம். நேற்றுவரை ஒரு கரண்டி சோறு இட்ட கை இன்று அரைக் கரண்டியோடு நின்றுவிடுவதையும், இட ஒன்றுமில்லாத வெட்கத்தால் ஒரு வீட்டுக் கதவு அடைத்தே கிடப்பதையும் முதலில் காண்பவர் அவர்தாம். அரசாங்கப் புள்ளிவிவரம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. தெருவின் வறுமை நாள்தோறும் அவர் பாத்திரத்தில் வந்து விழுகிறது.

2007 ஆகஸ்ட் 15 அன்று, முன்னறிவிப்பு எதுவுமின்றி, படையாட்சி எரிபொருள் மானியத்தை நீக்கியது. ஒரு காலன் டீசல் 1,500 கியாட்டிலிருந்து 3,000 கியாட்டாகவும், பெட்ரோல் 2,500 கியாட்டாகவும் உயர்ந்தன. பேருந்துகளுக்குப் பயன்பட்ட எரிவாயுவின் விலை ஐந்து மடங்கானது. பேருந்துக் கட்டணம் ஒரே இரவில் ஏறியதால் கூலிக்குப் போகிறவர்கள் நடந்தே போனார்கள். அரிசியும் எண்ணெயும் அடுத்தடுத்து ஏறின. ஆகஸ்ட் 19 அன்று யாங்கூனில் முதல் ஊர்வலத்தை நடத்தியவர்கள் பிக்குகள் அல்லர். மக்களாட்சி கோரி நடந்த 1988ஆம் ஆண்டு எழுச்சியில் மாணவர்களாக இருந்து, நீண்ட காலம் சிறையில் கழித்து வெளியே வந்திருந்த மின் கோ நைங் முதலானோர். இரண்டே நாளில் அவர்களைப் பிடித்து அடைத்துவிட்டதால், விலையேற்றத்தைக் கேள்வி கேட்க வெளியே மிஞ்சியிருந்த பெரிய அமைப்பு, பௌத்தத் துறவிகளின் கூட்டமைப்பான சங்கம் ஒன்றுதான். பர்மாவில் அப்போது ஏறத்தாழ நான்கு இலட்சம் பிக்குகள் இருந்தார்கள். ஆள்பலத்தில் படைக்கு ஈடாக நின்ற அமைப்பு வேறு எதுவும் நாட்டில் கிடையாது.

எனினும் விலையேற்றம் மட்டுமே நாடு முழுவதிலும் உள்ள பிக்குகளை வீதிக்குக் கொண்டுவந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. செப்டம்பர் 5 அன்று பக்கோக்கு நகரில் நடந்ததுதான் திருப்பம். ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊர், பாலி நூல்களைக் கற்பதற்காக நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளம் துறவிகள் வந்து தங்கும் கல்வித் தலம். அங்கே பிரித் என்னும் காப்பு ஓதல்களை ஓதிக்கொண்டு சென்ற பிக்குகளின் ஊர்வலத்தைப் படையினர் வானத்தை நோக்கிச் சுட்டுக் கலைத்தனர், தடியால் அடித்தனர், சிலரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்ததாக நேரில் கண்டவர்கள் கூறினார்கள். மறுநாள் சமாதானம் பேச மடாலயத்துக்கு வந்த அதிகாரிகளை இளம் பிக்குகள் சில மணி நேரம் வெளியே விடவில்லை. அவர்கள் வந்த வாகனங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. இதையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த எழுச்சி முழுவதும் அமைதியே உருவாக நடந்தது என்று எழுதுவது அழகாக இருக்கலாம், ஆனால் உண்மையாகாது.

அதன் பிறகு அனைத்துப் பர்மா பிக்குகள் கூட்டணி என்ற பெயரில் ஓர் அமைப்பு உருவாகி, செப்டம்பர் 17ஆம் தேதியைக் கெடுவாக வைத்து நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. பக்கோக்குவில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பண்டங்களின் விலையைக் குறைக்க வேண்டும். ஆங் சான் சூ கீ உள்ளிட்ட அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும். மக்களாட்சி இயக்கத்தாருடன் பேச்சைத் தொடங்க வேண்டும். கெடு முடிந்தது, ஒரு சொல்கூட மன்னிப்பாக வரவில்லை. மறுநாள், 1988இல் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றிய அதே செப்டம்பர் 18 அன்று, பிக்குகள் வீதியில் இறங்கினார்கள்.

கேள்வி: பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி நடந்த படத்தைப் பார்த்திருக்கிறேன். இது அவர்களுடைய விதிநூலில் உள்ளதா, அல்லது போராட்டத்துக்காக அமைத்துக்கொண்ட அடையாளமா?
– வாசகி, மதுரை

பதில்: விதிநூலில் உள்ளதுதான், மிகப் பழையதும்கூட. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தின் சூளவக்கப் பகுதியில் இதற்கு அடிப்படையான நிகழ்ச்சி வருகிறது. லிச்சவி குலத்தைச் சேர்ந்த வட்டன் என்ற இல்லறத்தான், சில பிக்குகளின் தூண்டுதலுக்கு இணங்கி, தப்பர் என்ற தூய துறவி தன் மனைவியிடம் முறைகேடாக நடந்தார் என்று பொய்ப் பழி சுமத்துகிறான். பழி பொய் என்று தெரிந்ததும், அவனுக்கு எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்க்குமாறு புத்தர் சங்கத்துக்குக் கூறுகிறார். அவன் கொடுக்கும் உணவை எந்தப் பிக்குவும் ஏற்கக் கூடாது என்பது அதன் பொருள். ஆனந்தர் சென்று செய்தியைச் சொன்னவுடன் வட்டன் அங்கேயே மயங்கி விழுந்துவிடுகிறான். பிறகு உற்றார் உறவினருடன், நனைந்த ஆடையும் நனைந்த தலைமயிருமாக வந்து, புத்தரின் காலில் தலை வைத்துத் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். சங்கம் கூடிப் பாத்திரத்தை மீண்டும் நிமிர்த்துகிறது.

இதைத் தொடர்ந்து, எவ்வகைக் குற்றங்களைச் செய்த இல்லறத்தானுக்கு எதிராகப் பாத்திரம் கவிழ்க்கப்படலாம் என்று விநயம் எட்டு அடையாளங்களைத் தருகிறது. பிக்குகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் செய்ய முயல்வது, அவர்களுக்குத் தீங்கு தேடுவது, அவர்களை உறைவிடம் இல்லாமல் செய்ய முயல்வது, வசைபாடுவது, பிக்குகளுக்குள் பிளவை உண்டாக்குவது, புத்தரையோ தர்மத்தையோ சங்கத்தையோ இழித்துப் பேசுவது ஆகியவை அவை. 2007ஆம் ஆண்டின் பிக்குகள் இந்த அடையாளங்களையே தளபதிகள்மீது பொருத்திக் காட்டினார்கள். தனிப்பட்ட எந்தப் பிக்குவும் கோபத்தில் எடுத்துவிடக்கூடிய முடிவு அன்று இது. சங்கம் உரிய எல்லைக்குள் கூடி, தீர்மானத்தை முறைப்படி முன்மொழிந்து, மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு நிறைவேற்ற வேண்டிய சங்கச் செயல். அவ்வாறு மடாலயம் மடாலயமாகக் கூடி நிறைவேற்றிய பின்னரே ஊர்வலம் தொடங்கியது. வரிசையின் முன்னால் நடந்தவர் கவிழ்த்துப் பிடித்திருந்த அந்தப் பாத்திரம், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கான அறிவிப்பு.

தானம் பெறாமல் இருப்பது ஓர் ஆட்சியை எப்படிப் பாதிக்கும் என்று நமக்குத் தோன்றலாம். பர்மிய பௌத்தத்தில், பெறுகிறவர் பிக்குவாக இருந்தாலும் பயனடைகிறவர் கொடுப்பவரே. அடுத்த பிறவிக்கான புண்ணியத்தை ஈட்டுவதற்குச் சங்கமே வயல் என்பது அங்குள்ள நம்பிக்கை. அந்த வயலில் விதைக்க அனுமதி மறுக்கப்பட்டவன் செல்வமிருந்தும் வறியவன். படைவீரனின் தாய் இறந்தால் ஓதுவதற்குப் பிக்கு வரமாட்டார்; மகனை இளந்துறவியாக்கும் சாமணேர தீட்சை அளிக்க மடாலயம் இசையாது. தளபதிகளுக்கோ இதைவிட ஒரு படி மேலான கவலை இருந்தது. பழைய பர்மிய மன்னர்கள் தங்களை அரசனாக நிலைநாட்டிக்கொண்டது கோபுரம் எழுப்பியும் சங்கத்தைப் போற்றியும்தான். மிண்டோன் மன்னர் 1871இல் யாங்கூனின் ஷ்வேடகோன் கோபுரத்துக்குக் குடைமுடி அளித்தார்; 1999இல் அதே கோபுரத்துக்குப் புதிய குடைமுடி ஏற்றியவர்கள் தளபதிகள். தலைநகரை நேபிடோவுக்கு மாற்றியவுடன், ஷ்வேடகோனைவிடச் சற்றே உயரம் குறைந்த ஒரு கோபுரத்தை அங்கே எழுப்பத் தொடங்கினார் மூத்த தளபதி தான் ஷ்வே. சீருடை அணிந்தவர்கள் பிக்குகளின் முன் மண்டியிட்டுத் தானம் வழங்கும் காட்சி அரசுத் தொலைக்காட்சியில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. தேர்தலில் கிடைக்காத உரிமையைத் தானத்தில் தேடிக்கொண்டிருந்த ஆட்சிக்கு, அந்தத் தானத்தை ஏற்க மாட்டோம் என்ற சொல்தான் தாங்க முடியாத அடியாக விழுந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாத்திரம் கவிழ்ப்பது நிரந்தரத் தண்டனை ஆகாது. குற்றம் செய்தவர் வந்து வருந்தினால் நிமிர்த்தியே ஆகவேண்டும். பிக்குகளின் முதல் கோரிக்கை மன்னிப்பாக அமைந்ததற்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம். ஆட்சியாளர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வாசலை அவர்கள் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த வாசலை நோக்கித் தளபதிகள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

கேள்வி: பிக்குணிகள் இதில் பங்கேற்றார்களா?
– வாசகி, சேலம்

பதில்: பங்கேற்றார்கள். பர்மாவில் முழுத் தீட்சை பெற்ற பிக்குணி சங்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. இளஞ்சிவப்பு ஆடை உடுத்து, தலை மழித்து, நோன்பு காக்கும் பெண்களைத் திலஷின் என்பார்கள். அவர்களும் ஊர்வலங்களில் நடந்தார்கள், கைதானவர்களிலும் இருந்தார்கள். பாத்திரம் கவிழ்க்கும் சங்கச் செயலில் அவர்களுக்கு இடமில்லாத காரணத்தால் பெரும்பாலான செய்திகளில் அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. அது நியாயமன்று.

கேள்வி: பர்மியப் பிக்குகள் அரசியலில் இறங்கியது அதுதான் முதல் முறையா? துறவியின் கடமை தியானமும் கல்வியும் அல்லவா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இந்தக் கேள்வியைப் பர்மாவில் ஒவ்வொரு ஆட்சியும் கேட்டிருக்கிறது. விநயத்தில் படையைப் பற்றிய விதிகள் உண்டு. போருக்கு அணிவகுத்த படையைக் காணத் தக்க காரணமின்றிப் போகக் கூடாது, பாசறையில் மூன்று இரவுகளுக்குமேல் தங்கக் கூடாது, போரை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. துறவி ஆட்சியதிகாரத்திலிருந்து எட்டி நிற்க வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. ஆனால் தளபதிகளோடு ஒரே மேடையில் அமர்ந்து ஆசி வழங்கிய பிக்குகளை நோக்கி, அரசியலில் ஈடுபடுகிறீர்கள் என்று எந்தத் தளபதியும் குறை சொன்னதில்லை. எதிர்த்துப் பேசியவுடன்தான் அது அரசியல் ஆகிவிடுகிறது.

வரலாற்றைப் பார்த்தால், 1885இல் ஆங்கிலேயர் தீபோ மன்னரை இரத்தினகிரிக்கு நாடு கடத்திய நாளிலிருந்தே சங்கம் தன் காவலனை இழந்து நின்றது. சித்வே நகரில் பிறந்த உ ஒத்தமர் என்ற பிக்கு இந்தியாவிலும் ஜப்பானிலும் இருந்துவிட்டுத் திரும்பி, ஆங்கில ஆளுநரை வெளியேறச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். 1921இல் சிறைப்பட்டார், அதன் பிறகும் பலமுறை சிறைப்பட்டார். உ விசாரர் சிறையில் காவியுடையைக் களையச் சொன்னதை எதிர்த்து 166 நாள் உண்ணாநோன்பு இருந்து, 1929 செப்டம்பர் 19 அன்று உயிர் துறந்தார். யாங்கூனில் ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர் உள்ளது; அந்த ஊரில் அவருக்குச் சிலையும் உண்டு. தளபதிகளின் ஆட்சியிலும் அந்தச் சிலையை அகற்ற யாரும் துணியவில்லை.

படையாட்சிக்கு எதிராகவே பாத்திரம் கவிழ்க்கப்பட்டதும் 2007இல் முதல் முறையன்று. 1990 மே மாதத் தேர்தலில் 485 இடங்களில் 392ஐ ஆங் சான் சூ கீயின் கட்சி வென்ற பிறகும் தளபதிகள் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. அந்த ஆகஸ்ட் 8 அன்று மாண்டலேயில், 1988இல் இறந்தவர்களின் நினைவாகப் பிச்சை ஏற்கச் சென்ற பிக்குகள்மீதும் உடனிருந்த மக்கள்மீதும் படையினர் துப்பாக்கியால் சுட்டனர். அதைத் தொடர்ந்து மாண்டலேயின் மடாலயங்கள் படையினரின் தானத்தை மறுத்தன. மறுப்பு மற்ற ஊர்களுக்கும் பரவியது. அக்டோபரில் மடாலயங்கள் முற்றுகையிடப்பட்டன, பிக்குகள் கைதானார்கள். அதன் பின் வந்த சட்டம், அரசு ஏற்ற ஒன்பது பிரிவுகளைத் தவிர வேறு எந்தச் சங்க அமைப்பும் இருக்கக் கூடாது என்றது. 1980இல் அன்றைய படை ஆட்சியாளர் நெ வின் காலத்தில் உருவான அரசுச் சங்க மகா நாயகக் குழுவின் பிடிக்குள் எல்லா மடாலயங்களையும் கொண்டுவருவதே நோக்கம். 2007இல் எழுந்த கூட்டணி தலைமறைவாகவே இயங்க வேண்டியிருந்ததற்கும், அதன் பெரும்பாலோர் இளைஞர்களாக இருந்ததற்கும் இச்சட்டமே காரணம். தேரர்கள் எனப்படும் மூத்த பிக்குகளின் கைகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன.

கேள்வி: பத்தே நாளில் அடக்கிவிட்டார்கள் என்றால் அந்தப் போராட்டம் தோல்விதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில், அடிபடப் போவது தாங்கள் மட்டுமாக இருக்கட்டும் என்று, பொதுமக்கள் ஊர்வலத்தில் சேர வேண்டாம் எனப் பிக்குகளே கேட்டுக்கொண்டார்கள். மழையில், வெறுங்காலுடன், மெத்த சுத்தம் என்ற சூத்திரத்தை ஓதிக்கொண்டு நடந்தார்கள். ஒரு தாய் தன் ஒரே மகனைத் தன் உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்களிடத்தும் அன்பை வளர்க்க வேண்டும் என்று சொல்லும் பாலி ஓதல் அது. மக்கள் சாலையின் இரு பக்கமும் கைகோத்து வேலியாக நின்று அவர்களுக்குக் காவல் இருந்தார்கள். செப்டம்பர் 22 அன்று ஒரு கூட்டம் பல்கலைக்கழகச் சாலையில் இருந்த ஆங் சான் சூ கீயின் வீட்டை அடைந்தது. காவலர்கள் தடுப்பை விலக்கினார்கள். வீட்டுச் சிறையில் இருந்த அவர் வாசலுக்கு வந்து கண்ணீருடன் கைகூப்பி நின்றார். 24ஆம் தேதி யாங்கூனில் மட்டும் ஒரு இலட்சம் பேர் வரை திரண்டார்கள் என்று மதிப்பிட்டார்கள். அன்று மாலையே மதத்துறை அமைச்சரின் எச்சரிக்கை வந்தது. அடுத்த இரவு ஊரடங்கு. 26 அன்று ஷ்வேடகோனின் கிழக்கு வாசலருகே பிக்குகள் தடியால் அடிக்கப்பட்டார்கள், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்றிரவு தெற்கு ஒக்கலப்பாவில் உள்ள ங்வே கியார் யான் மடாலயத்துக்குள் படை புகுந்து, துறவிகளை அடித்து வண்டிகளில் ஏற்றிச் சென்றது. விடிந்தபின் எடுத்த படங்களில் தரையெல்லாம் இரத்தமும் சிதறிய பொருள்களுமாக இருந்தது. 27 அன்று சூலே கோபுரத்துக்கு அருகில் ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நாகாய் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் இருந்த காமிரா 2023இல்தான் குடும்பத்தாருக்குக் கிடைத்தது. நாகாய் கொல்லப்பட்ட மறுநாள் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இறந்தவர்கள் பத்துப் பேர் என்று முதலில் சொன்ன அரசு, பிறகு பதினைந்து என்றது, ஐ.நா. மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் பின்ஹேய்ரோ 31 பேராவது கொல்லப்பட்டதாக அறிக்கை அளித்தார். கைதானவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

தோல்வியா என்றால், கேட்ட நான்கில் ஒன்றும் கிடைக்கவில்லை; அந்தப் பொருளில் தோல்விதான். ஆயினும் எட்டு மாதங்களில் நர்கிஸ் புயல் தாக்கி ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போனபோது, வெளிநாட்டு உதவியை அரசு தடுத்து வைத்திருந்த முதல் நாட்களில், வீடிழந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மடாலயங்கள். பிக்குகளே மரங்களை வெட்டி வழி திறந்தார்கள், அரிசி சேர்த்தார்கள். அதே வாரத்தில், மே 10 அன்று, அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்துவதில் முனைந்திருந்தது அரசு. யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதில் மக்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை. அந்த நம்பிக்கை செப்டம்பரில் பட்ட அடியால் இன்னும் இறுகியது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பிக்குகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை எங்கள் நாட்டில் அனுபவித்தே அறிந்தவர்கள் நாங்கள். பர்மாவிலும் ரோஹிங்கியா மக்களுக்கு எதிராக வெறுப்பை வளர்த்தவர்கள் பிக்குகள்தாம். அவர்களைப் போற்றி எழுதுவது சரிதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு 2007ஐப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. மாண்டலேயைச் சேர்ந்த விராத்து என்ற பிக்கு, முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டியதற்காக 2003இல் சிறை சென்று 2012இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தவர்; ஆகவே 2007இல் நடந்தவர்களில் அவர் இல்லை. ஆனால் அவரைச் சுற்றி எழுந்த இயக்கத்திலும், 2013இல் உருவான மபத என்ற இன, மதப் பாதுகாப்பு அமைப்பிலும், 2007இன் ஊர்வலங்களில் நடந்த பிக்குகளும் சேர்ந்திருந்தார்கள் என்பது உண்மை. முஸ்லிம்களைக் குறிவைத்த நான்கு சட்டங்கள் 2015இல் நிறைவேறியது அந்த அமைப்பின் அழுத்தத்தால். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் உயிர் தப்பி வங்கதேசத்துக்குள் ஓடியபோது, படைக்கு எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்க்கச் சங்கம் கூடவில்லை.

யாழ்ப்பாண வாசகருக்கு இன்னும் கசப்பான ஒரு செய்தியும் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில், பர்மாவின் மிகப் புகழ்பெற்ற தேரர்களில் ஒருவரான சிதகு சயடோ படை அதிகாரிகளுக்கு ஆற்றிய அறவுரையில், இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்தில் வரும் துட்டகாமினி மன்னனின் கதையைச் சொன்னார். தமிழரோடு நடந்த போரில் எண்ணற்றோரைக் கொன்றதற்காக வருந்திய மன்னனிடம், இறந்தவர்களில் மனிதராகக் கணக்கிடத் தக்கவர் ஒன்றரைப் பேரே, மும்மணிகளையும் ஐந்து சீலங்களையும் ஏற்காத மற்றவர்கள் மனிதர் அல்லர் என்று அருகதர்கள் எனப்படும் ஞானம் பெற்ற துறவிகள் தேற்றியதாக வரும் கதை அது. சொன்னவர் 1988இல் படையாட்சியைக் கண்டித்துப் பேசி, சில ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ நேர்ந்தவர்.

இந்த இரண்டும் ஒரே சங்கத்திலிருந்து எப்படி வந்தன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சாசனத்துக்கு, அதாவது புத்தரின் போதனைக்கு, ஆபத்து வந்துவிட்டது என்ற உணர்வே பர்மியப் பிக்குவை வீதிக்குக் கொண்டுவரும் பெரிய விசை. துறவிகளை அடித்த தளபதிகளால் ஆபத்து என்று தோன்றியபோது அந்த விசை கொடுங்கோன்மைக்கு எதிராகப் பாய்ந்தது; முஸ்லிம் அண்டை வீட்டாரால் ஆபத்து என்று நம்பவைக்கப்பட்டபோது ஏதுமறியாதவர்கள்மீது பாய்ந்தது. தளபதிகள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். தங்களைச் சாசனத்தின் காவலர்களாக மறுபடியும் காட்டிக்கொள்ள அந்த வெறுப்பு அவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. 2007இல் ஓதப்பட்ட அன்பு எல்லா உயிர்க்கும் உரியது என்றால், அது ரோஹிங்கியா மக்கள் வாழும் அரக்கானின் எல்லையில் நின்றிருக்கக் கூடாது. அது நின்றுவிட்டது. பெருமைக்குரிய செப்டம்பரை எழுதும்போது இந்தக் குற்றத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதே சமயம் எல்லாப் பிக்குகளும் அப்படி இல்லை. 2013 மார்ச்சில் மெய்த்திலா நகரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட கலவரத்தின்போது, உ விதுத்தர் என்ற மடாலயத் தலைவர் முஸ்லிம் குடும்பங்களை நூற்றுக்கணக்கில் தம் மடத்துக்குள் ஏற்றுக்கொண்டார். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி வாசலுக்கு வந்த கும்பலிடம், முதலில் தம்மைக் கொன்றுவிட்டு உள்ளே போகுமாறு சொல்லி நின்றார். கும்பல் திரும்பிப் போயிற்று. எந்தப் பேரணியையும் அவர் நடத்தவில்லை. என் மதிப்பில் 2007இல் நடந்த எவருக்கும் அவர் குறைந்தவர் அல்லர்.

கேள்வி: 2021 பிப்ரவரியில் மீண்டும் படையாட்சி வந்தபோது பிக்குகள் ஏன் முன்னின்று வழிநடத்தவில்லை?
– வாசகர், சென்னை

பதில்: பல பிக்குகள் நடந்தார்கள், மாண்டலேயில் தொடர்ந்து நடந்தார்கள். வழிநடத்தியவர்கள் என்று சொல்லும் நிலை மட்டும் இருக்கவில்லை. முந்தைய பத்தாண்டில் மூத்த தேரர்கள் பலர், 2021இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி மின் ஆங் லைங்குக்கு நெருக்கமாகிவிட்டதும், விராத்து போன்றவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குச் சங்கத்தின்மீது இருந்த மதிப்பு குறைந்ததும் முதன்மையான காரணங்கள். அந்தத் தலைமுறை பழைய நம்பிக்கைகளையே தடுப்பாகத் திருப்பிப் போட்டது. பெண்களின் கைலிக்குக் கீழே நடந்தால் ஆணின் வலிமை குன்றும் என்ற எண்ணம் படையினரிடம் உண்டு என்பதால், தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் கைலிகளைத் தொங்கவிட்டார்கள் பெண்கள். படையினர் அவற்றை அவிழ்த்த பிறகே முன்னேறினார்கள். பிறகு எதிர்ப்பு ஆயுதப் போராட்டமாக மாறியது. அதற்குத் தலைமை ஏற்க விநயம் இடம் கொடாது.

மின் ஆங் லைங்கும் முன்னோர் வழியிலேயே சென்றார். 2023 ஆகஸ்ட் 1 அன்று நேபிடோவில் பீடத்தோடு சேர்த்து 81 அடி உயரமுள்ள பளிங்குப் புத்தர் சிலையைத் திறந்துவைத்தார். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், ஷான் மாநிலத்தின் நாம் நெய்ன் சிற்றூரில் மடாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இருபதுக்கும் மேற்பட்டோர், மூன்று பிக்குகள் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். படையினரே கொன்றார்கள் என்று எதிர்ப்பாளர்கள் கூற, படை அதை மறுத்தது. 2024 ஜூனில் மாண்டலே வட்டாரத்தில் காரில் சென்றுகொண்டிருந்த 78 வயதுத் தேரர் முனிந்தாபிவம்சர் சுடப்பட்டு இறந்தபோதும், முதலில் எதிர்ப்புப் படையினர்மீதே பழி சுமத்தப்பட்டது. உடன் பயணம் செய்து உயிர் தப்பிய பிக்கு சுட்டவர்கள் படையினரே என்று வெளிப்படையாகச் சொன்ன பின்னரே படைத்தலைமை மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: 2007இல் தலைமை ஏற்ற பிக்கு கம்பிரர் இப்போதும் துறவியாக இருக்கிறாரா?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. தலைமறைவாக இருந்த அவரைப் பிடிப்பதற்காக அவருடைய தந்தையையும் உடன்பிறந்தவரையும் முதலில் கைது செய்தார்கள். நவம்பரில் அவர் பிடிபட்டார். மறு ஆண்டு 68 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் 63 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. சிறையில் பட்ட சித்திரவதையால் உடலும் மனமும் மிகவும் பாதிக்கப்பட்டன. 2012 ஜனவரியில் விடுதலையான பிறகு, பூட்டப்பட்டுக் கிடந்த மடாலயங்களைத் திறக்க முயன்றதற்காக மீண்டும் மீண்டும் அழைத்து விசாரிக்கப்பட்டார். அரசுக்கு அஞ்சி எந்த மடாலயமும் அவரை ஏற்கவில்லை. அந்த ஆண்டே காவியைக் களைந்தார். 2016இல், எல்லையை அனுமதியின்றிக் கடந்தார் என்ற குற்றச்சாட்டில் மீண்டும் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்று, ஜூலையில் வெளியே வந்தார்.